பள்ளிக்கூடத்தின் வாசலில் துப்பாக்கி: யாருக்குப் பாதுகாப்பு?

(கொல்கத்தாவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடத்தப்பட்ட அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய வகுப்புக்கு இந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம், பள்ளி ஆசிரியராகப் பணியாற்றும் இளம் தோழர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான். "மால்டாவில் நடந்ததைப் போல என் வகுப்பறைக்குள்ளும் ஒருவன் துப்பாக்கியுடன் நுழைந்தால் நான் என்ன செய்வது? என்னிடமும் உரிமம் பெற்ற துப்பாக்கி ஒன்று இருந்தால் என்ன தவறு?" என்று அவர் கேட்டார். நேர்மையான கேள்வி. பிள்ளைகளின் உயிரைப் பற்றிய அக்கறையிலிருந்து பிறந்த கேள்வி. இதற்கு முழக்கத்தால் பதில் சொல்லிவிட முடியாது. ஆகவே நடந்தவற்றிலிருந்தே தொடங்குவோம்.

2023 ஏப்ரல் 26 அன்று பழைய மால்டா பகுதியிலுள்ள முச்சியா சந்திரமோகன் உயர்நிலைப்பள்ளியின் வகுப்பறைக்குள் ஒருவர் கைத்துப்பாக்கியுடன் புகுந்தார். பெட்ரோல் குண்டுகளும் கத்தியும் அவரிடம் இருந்தன. தன் குடும்பப் பிரச்சினையில் நிர்வாகம் தன்னைக் கண்டுகொள்ளவில்லை என்ற ஆத்திரத்தில் இருந்த அவர், பாடம் கேட்டுக் கொண்டிருந்த பிள்ளைகளைப் பணயமாக வைத்து மிரட்டினார். இறுதியில் காவல்துறை அதிகாரி ஒருவர் சீருடையைக் கழற்றிவிட்டு, சாதாரண உடையில் கூட்டத்தோடு கூட்டமாக நெருங்கி, வெறுங்கையுடன் பாய்ந்து அவரைப் பிடித்தார். ஒரு பிள்ளைக்கும் காயமில்லை.

அந்த நேரத்தில் ஆசிரியரின் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பத்தடி தூரத்தில் இரண்டு துப்பாக்கிகள், இடையில் பெஞ்சுகளில் பிள்ளைகள். அங்கு உயிர்களைக் காப்பாற்றியவை பொறுமையும், பயிற்சியும், துணிவும்தான்.

அமெரிக்காவும் பெஷாவரும் கற்பிப்பவை

ஆசிரியரிடம் துப்பாக்கி கொடு என்ற வாதம் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவியது. அந்நாட்டு நாடாளுமன்றம் 1990ஆம் ஆண்டில் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி ஏறத்தாழ முந்நூறு மீட்டர் தூரத்திலும் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 1995இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், லோபஸ் வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. மறு ஆண்டே அது திருத்தப்பட்டு மீண்டும் வந்தது. ஆனால் அச்சட்டத்தில் ஆரம்பம் முதலே ஒரு கதவு திறந்தே இருக்கிறது. மாநில அரசிடம் உரிமம் பெற்றவருக்கு இத்தடை பொருந்தாது. எனவே எந்த மாநிலம் உரிம விதியைத் தளர்த்துகிறதோ, அங்கே பள்ளியைச் சுற்றிய வேலியும் தளர்கிறது. இன்று 29 மாநிலங்களில் உரிமமே இல்லாமல் பொதுவெளியில் துப்பாக்கியுடன் நடமாட மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது.

2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் உவால்டி நகரத் தொடக்கப்பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்டனர். முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆயுதமேந்திய காவலர்கள் பள்ளிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயினும் வகுப்பறைக் கதவைத் திறந்து உள்ளே நுழைய ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. ஆயுதம் இல்லாததால் அக்குழந்தைகள் சாகவில்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்ட முடியாது. ஆனால் ஆளும் வர்க்கம் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. அடுத்த மாதமே ஓஹியோ மாநிலம், பள்ளியில் துப்பாக்கி வைத்திருக்க விரும்பும் ஆசிரியருக்குத் தேவையான பயிற்சியை எழுநூறு மணி நேரத்துக்கும் மேலிருந்து 24 மணி நேரமாகக் குறைத்தது. 2023 மார்ச்சில் நாஷ்வில் நகரப் பள்ளியொன்றில் மூன்று குழந்தைகள் உட்பட ஆறு பேர் கொல்லப்பட்டபோது, பெற்றோர்கள் துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு டென்னசி மாநிலச் சட்டமன்றத்தில் திரண்டார்கள். 2024 ஏப்ரலில் அம்மாநிலம் அவர்களுக்குக் கொடுத்தது என்ன? ஆசிரியர்கள் துப்பாக்கியை மறைத்து எடுத்துவர அனுமதிக்கும் சட்டம். எந்த ஆசிரியரிடம் துப்பாக்கி இருக்கிறது என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியதும் இல்லை!

அது தொலைதூர நாடு என்று நினைக்க வேண்டாம். நம் அண்டையில் 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பள்ளியில் 130க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயங்கரவாதிகளால் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் கைபர் பக்துன்க்வா மாகாண அரசு, ஆசிரியர்கள் உரிமம் பெற்ற துப்பாக்கியுடன் பள்ளிக்கு வரலாம் என்று அறிவித்தது. கற்பிப்பதே எங்கள் பணி, காவல் காப்பது அரசின் பணி என்று ஆசிரியர் சங்கத்தினரே அதை எதிர்த்தனர். 2015 ஜூலையில் ஸ்வாத் பகுதியில் ஓர் ஆசிரியரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்து ஒரு மாணவன் இறந்தான். பிள்ளைகளைக் காக்க வந்த துப்பாக்கி ஒரு பிள்ளையைக் கொன்றது.

அரசு தன் கடமையிலிருந்து விலகிக்கொண்டு, அதன் சுமையைத் தனிமனிதரின் தோளில் ஏற்றுகிறது. அந்தச் சுமைக்கு அது சூட்டும் பெயர் 'உரிமை'. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

நம் அரசியலமைப்பின்படி ஆயுதங்கள் மத்தியப் பட்டியலில் உள்ளவை. அமெரிக்காவைப் போல மாநிலத்துக்கு ஒரு துப்பாக்கிச் சட்டம் இங்கு இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் நாடு முழுமைக்கும் பொருந்தும். துப்பாக்கி வைத்திருப்பது இங்கு அடிப்படை உரிமை அன்று. உரிமம் பெற்றவரும் பொது இடத்தில் அதை உறையிலிட்டு மூடியே எடுத்துச்செல்ல வேண்டும். திருமணம், ஊர்வலம், பொதுக்கூட்டம் எதிலும் துப்பாக்கியைக் காட்டி மிரட்டவோ வானத்தை நோக்கிச் சுடவோ கூடாது. துப்பாக்கிக்கு இடமில்லாத பகுதி என்ற கருத்தும் அந்த விதிகளிலேயே இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது.

ஆனால் உரிமம் வழங்கும் அதிகாரம் நடைமுறையில் மாவட்ட ஆட்சியரிடமும், கொல்கத்தா போன்ற நகரங்களில் காவல் ஆணையரிடமும் இருக்கிறது. அதாவது, சட்டத்தில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், மாநிலத்தை ஆளும் கட்சி உரிமத்தின் கதவை அகலத் திறக்க முடியும். அசாமில் நடந்துகொண்டிருப்பது இதுதான்.

2025 மே 28 அன்று அசாம் முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா, எளிதில் தாக்கப்படக்கூடிய பகுதிகளில் வாழும் பூர்வகுடி மக்களுக்குத் துப்பாக்கி உரிமம் தாராளமாக வழங்கப்படும் என்ற அமைச்சரவை முடிவை அறிவித்தார். அவர் சுட்டிக்காட்டியவை துப்ரி, பார்பேட்டா, நகாவ், மோரிகாவ், தெற்கு சல்மாரா முதலிய பகுதிகள். வங்காள மொழி பேசும் முஸ்லிம் உழைப்பாளி மக்கள் பெருமளவில் வாழும் பகுதிகள். இந்தப் பட்டியலை வரலாற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1983 பிப்ரவரி 18 அன்று நெல்லி படுகொலை நடந்த மண் இன்றைய மோரிகாவ் மாவட்டத்தில் இருக்கிறது. ஒரே நாளில் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்த மண்ணில், ஒரு தரப்பு மக்களுக்கு மட்டும் அரசே துப்பாக்கியைக் கொடுப்பதற்குப் பாதுகாப்பு என்று பெயராம்!

அரசின் ஆதரவுடன் மக்களில் ஒரு பிரிவினருக்கு ஆயுதம் கொடுத்து மற்றொரு பிரிவினர் மீது ஏவுவதன் விளைவைச் சத்தீஸ்கரில் பார்த்தோம். 2011 ஜூலை 5 அன்று நந்தினி சுந்தர் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி மாவோயிஸ்டுகளுக்கு எதிரான மோதலில் இறக்கியது அரசியலமைப்புக்கு விரோதமானது என்று தீர்ப்பளித்து, அவர்களிடமிருந்து துப்பாக்கிகளைத் திரும்பப் பெற உத்தரவிட்டது. அசாம் அரசு அந்தத் தீர்ப்பின் உள்ளடக்கத்தை உரிமம் என்ற பக்கவாசல் வழியாகத் தாண்டிச் செல்கிறது.

நம் வரலாறு நம்மிடம் கேட்கும் கேள்வி

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி எழுப்பக்கூடும். இந்த நகரம் துப்பாக்கி ஏந்திய புரட்சியாளர்களின் நகரமாயிற்றே என்று. ஆம். 1914 ஆகஸ்ட் 26 அன்று ரோடா கம்பெனிக்கு வந்த 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும் இந்நகரத்துப் புரட்சியாளர்களின் கைக்குப் போயின. 1932 பிப்ரவரி 6 அன்று கல்கத்தா பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில், பட்டம் பெற வந்த மாணவி பீனா தாஸ் ஆளுநர் ஸ்டான்லி ஜாக்சனை நோக்கிச் சுட்டார். கல்விக்கூடத்திற்குள் துப்பாக்கியைக் கொண்டுவந்த அந்தப் பெண்ணை நாம் இன்றும் மதிக்கிறோம். பிறகு எந்த முகத்தோடு கல்விக்கூடத்தில் துப்பாக்கி கூடாது என்கிறோம்?

லிட்டன் பிரபு 1878இல் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. மற்றொன்று இந்தியர்களின் கையிலிருந்து ஆயுதத்தைப் பறித்தது. ஐரோப்பியருக்கு அந்த ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது. அச்சட்டத்தின் உயிர்நாடியே இனப்பாகுபாடுதான். அதனால்தான் கல்கத்தாவின் இந்தியர் சங்கம் அதை எதிர்த்தது. 1887இல் சென்னையில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டில் வங்கத்தின் பிபின் சந்திர பால் அதை நீக்கக் கோரிப் பேசினார். 1931ஆம் ஆண்டின் கராச்சித் தீர்மானமும் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை விதிமுறைகளுக்கு உட்பட்டுக் கோரியது. ஓர் அடிமை நாடு தன்னை நிராயுதபாணியாக்கிய அந்நிய அரசுக்கு எதிராக எழுப்பிய கோரிக்கை அது.

விடுதலைக்குப் பின் நிலைமை மாறியது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத், கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுத உரிமையை அடிப்படை உரிமைகளில் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. ஒவ்வொருவரும் சந்தைக்குப் போய் தடையின்றித் தாக்கும் கருவிகளை வாங்கலாம் என்றால் நிர்வாகம் எப்படி நடக்கும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. சாதியும் நிலவுடைமையும் கோலோச்சும் கிராமத்தில் அந்த உரிமை யாருடைய கைக்குப் போய்ச் சேரும் என்பதையும் நாம் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி வாங்கப் பணமும், உரிமம் வாங்கச் செல்வாக்கும் வேண்டும். இவ்விரண்டும் விவசாயத் தொழிலாளியிடம் இல்லை. அவரை மிரட்டுபவரிடம் இருக்கின்றன.

அந்நிய ஆட்சியின் தலைமைப் பிரதிநிதிக்கு எதிராகத் தன் உயிரைப் பணயம் வைத்தார் பீனா தாஸ். அடுத்த தெருவில் வாழும் ஏழையைப் பயமுறுத்த அரசிடம் உரிமம் வாங்குபவர் அவருடைய வாரிசல்ல. மக்களின் ஆற்றல் அவர்களுடைய அமைப்பில் இருக்கிறது. தனித்தனி வீடுகளின் அலமாரிகளில் பூட்டி வைக்கப்படும் துப்பாக்கிகள் அந்த அமைப்பை உருவாக்குவதில்லை. பக்கத்து வீட்டாரைப் பகைவராகப் பார்க்கக் கற்றுத் தருகின்றன.

பள்ளிக்குள் வரும் மூன்று வகைத் துப்பாக்கிகள்

இந்தியப் பள்ளிகளுக்குள் துப்பாக்கி மூன்று வழிகளில் நுழைகிறது. முதலாவது, மால்டாவில் நடந்ததைப் போலத் தனிமனிதரின் ஆத்திரம்.

இரண்டாவது, மதவாத அமைப்புகளின் பயிற்சி முகாம். 2022 மே மாதத்தில் கர்நாடகத்தின் குடகு மாவட்டம் பொன்னம்பேட்டையில் ஒரு பள்ளி வளாகத்தில் பஜ்ரங் தளம் நடத்திய முகாமில் இளைஞர்களுக்குத் திரிசூலம் வழங்கப்பட்டது. காற்றுத் துப்பாக்கிப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. கேள்வி எழுந்தபோது, காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்று நியாயம் சொன்னார்கள். 2023 ஜூலை இறுதியில் அசாமின் மங்கள்தோயில், இதுவும் பள்ளி வளாகத்தில்தான், ராஷ்ட்ரிய பஜ்ரங் தளம் துப்பாக்கிப் பயிற்சி நடத்தியது. காட்சிப் பதிவு வெளியான பிறகே காவல்துறை வழக்குப் பதிந்தது. பாடம் படிக்கும் இடத்தில் பகைமைக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். சட்டத்தின் சிறு சந்து கிடைத்தாலும் அதில் நுழைகிறார்கள்.

மூன்றாவது, அரசின் சொந்தத் துப்பாக்கி. இதைப் பேசாமல் விட்டால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆகமாட்டோம். 2009க்குப் பின் ஜங்கிள்மகால் பகுதியில் பள்ளிக் கட்டடங்கள் படைகளின் முகாம்களாயின. அதே காலத்தில், வகுப்பறையிலேயே, பிள்ளைகளின் கண்முன் ஆசிரியர்கள் மாவோயிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்ட கொடுமைகளும் நடந்தன. இரு தரப்புத் துப்பாக்கிகளுக்கும் நடுவில் சிக்கியது பழங்குடிப் பிள்ளைகளின் படிப்பு. அன்று மேற்கு வங்கத்தில் ஆட்சியில் இருந்தது இடது முன்னணி, மத்தியில் இருந்தது காங்கிரஸ் கூட்டணி. ஆட்சியில் யார் இருக்கிறார் என்று பார்த்துவிட்டு இக்கேள்வியை எழுப்புவதா வேண்டாமா என முடிவு செய்யும் பழக்கம் நமக்கு வரக்கூடாது.

இது தொடர்பான உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான உத்தரவு, தமிழ்நாட்டிலுள்ள ஆதரவற்றோர் இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது பற்றிய வழக்கில் வந்தது. மோதல் நிறைந்த வடகிழக்கு மாநிலங்களிலிருந்து குழந்தைகள் அந்த இல்லங்களுக்கு அழைத்து வரப்பட்டிருந்தனர். அவர்கள் ஏன் ஊரைவிட்டு வந்தார்கள் என்று ஆராய்ந்தபோது, அங்கே பள்ளிகளில் படைகள் தங்கியிருந்ததும் வெளிப்பட்டது. பள்ளிகளையும் விடுதிகளையும் படைகள் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று 2010 செப்டம்பரில் நீதிமன்றம் ஆணையிட்டது. பள்ளியில் துப்பாக்கி நுழைந்தால் அதன் பாதிப்பு எத்தனை தூரம் பயணம் செய்கிறது என்பதற்கு அந்த வழக்கே சான்று.

மேற்கு வங்கத்தில் துப்பாக்கியோடு நாட்டு வெடிகுண்டையும் சேர்த்துப் பேச வேண்டும். 2022 செப்டம்பரில் டிட்டாகர் நகரில் ஓர் உயர்நிலைப்பள்ளியின் மாடியில் குண்டு வெடித்தது. பந்து என்று நினைத்து எடுத்து விளையாடிய பிள்ளைகளின் கைகளும் கண்களும் போயிருக்கின்றன. 1996 முதல் 2024 வரை இம்மாநிலத்தில் குறைந்தது 565 குழந்தைகள் நாட்டுக் குண்டுகளால் இறந்தோ காயமடைந்தோ உள்ளனர் என்று பிபிசி செய்தியாளர்கள் பழைய நாளிதழ்களைத் தேடிக் கணக்கிட்டுள்ளனர். அவர்களில் 94 பேர் உயிரிழந்தவர்கள். இக்காலத்தில் ஆட்சிகள் மாறின. தேர்தல் வன்முறை மாறவில்லை.

துப்பாக்கிக்குச் சந்தை தேடுவோர்

இவ்வளவுக்கும் பின்னால் ஒரு வணிகமும் இருக்கிறது. காசிப்பூர், இச்சாப்பூர், டம்டம் ஆகிய இடங்களில் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகள் இந்நகரத் தொழிலாளி வர்க்கத்தின் வரலாற்றில் பிரிக்க முடியாதவை. நாடெங்கும் 41 தொழிற்சாலைகளை நிர்வகித்த படைக்கலத் தொழிற்சாலைகள் வாரியத்தின் தலைமையகம் கொல்கத்தாவில்தான் இருந்தது. 2021 அக்டோபர் 1 அன்று மோடி அரசு அந்த வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாக உடைத்தது. தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்துக்குத் தயாரானபோது, அதைத் தடுக்க முன்னதாகவே ஒரு சட்டம் கொண்டுவரப்பட்டது. இச்சாப்பூர், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலைகள் இரண்டும் இன்று ஒரே கம்பெனியின் கீழ் உள்ளன.

கம்பெனி என்றால் விற்பனை வேண்டும், விற்பனைக்குச் சந்தை வேண்டும். 2014இல் பெண்களின் பாதுகாப்புக்கென்று கான்பூரிலிருந்து 'நிர்பீக்' என்ற கைத்துப்பாக்கி வந்தது. விலை 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். இரவுப் பணி முடிந்து ரயிலில் வீடு திரும்பும் எந்தச் செவிலியரால் அதை வாங்க முடியும்? 2023 ஆகஸ்டில் அதே கான்பூரிலிருந்து, பொதுமக்களுக்கு விற்பதற்காக 'பிரபல்' என்ற புதிய கைத்துப்பாக்கியை அக்கம்பெனி அறிமுகப்படுத்தியது. நாட்டின் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட பொதுத்துறை, தனிமனிதரின் அச்சத்தை விற்று இலாபம் காண வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறது. இத்துறையில் பணியாற்றும் தோழர்களுக்கு இது வேலைப் பாதுகாப்பு பற்றிய பிரச்சினை மட்டுமல்ல. தங்கள் உழைப்பு யாருக்கு எதிராகத் திரும்பும் என்ற பிரச்சினையும்கூட.

நம் கடமைகள்

தோழர்களே, தொடக்கத்தில் சொன்ன ஆசிரியத் தோழரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அவருக்குத் துப்பாக்கி வேண்டாம். ஆனால் வேறு பல அவருக்கு வேண்டும், அவற்றைப் பெற்றுத்தர நாம் போராட வேண்டும். பூட்டக்கூடிய கதவும் சுற்றுச்சுவரும், காலியாகக் கிடக்கும் ஆசிரியர், காவலர் பணியிடங்களில் நிரந்தர நியமனமும் வேண்டும். ஆத்திரத்தோடு அலையும் மனிதர் துப்பாக்கியைத் தேடுவதற்கு முன் அவருடைய முறையீட்டைக் கேட்கும் நிர்வாகம் வேண்டும்.

இத்துடன் நான்கு கோரிக்கைகளை நம் ஆசிரியர், மாணவர், மாதர் அமைப்புகள் மூலம் மக்களிடம் கொண்டுசெல்வோம். பள்ளி, கல்லூரி வளாகங்கள் அனைத்தும் துப்பாக்கிக்கு இடமில்லாத பகுதிகளாக வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். உரிமம் பெற்றவருக்கும் அதில் விலக்கு கூடாது. எந்த அமைப்பின் ஆயுதப் பயிற்சிக்கும், காற்றுத் துப்பாக்கியானாலும் திரிசூலமானாலும், பள்ளி வளாகம் தரப்படக் கூடாது. பள்ளிகளில் படை முகாம் கூடாது என்ற நீதிமன்ற ஆணை எல்லா மாநிலங்களிலும் நடைமுறைக்கு வர வேண்டும். மக்களை இனத்தாலும் மதத்தாலும் பிரித்துத் துப்பாக்கி உரிமம் வழங்கும் அசாம் அரசின் முடிவு திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவற்றை நாளை காலையே தொடங்கலாம். உங்கள் பகுதிப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குச் செல்லுங்கள். அந்தப் பள்ளியில் விடுமுறை நாட்களில் என்ன நடக்கிறது, மைதானம் யாருக்கு வாடகைக்கு விடப்படுகிறது என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் நம் பிள்ளைகளுடையது என்ற உணர்வோடு பெற்றோரையும் ஆசிரியரையும் ஒன்று சேருங்கள். அந்தக் கூட்டு விழிப்புணர்வுதான் பிள்ளைகளைக் காக்கும் அரண்.